தூரத்துக் கணினியில் தமிழ்: விசைப்பலகையையும் மவுஸையும் சரிசெய்வது எப்படி?



2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய பிறகு, வீட்டிலிருந்தே பள்ளிக் கணினியை இயக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு வந்துவிட்டது. ஆனா, தமிழில் தட்டச்சு செய்யும்போது மட்டும் ஒரு தலைவலி!

ஒருமுறை ஆயர் ஈத்தாமில் என் வீட்டிலிருந்து, ஜார்ஜ்டவுனில் உள்ள பள்ளிக் கணினியில் எஸ்.பி.எம். மாதிரித் தேர்வு வினாத்தாளைத் திருத்திக்கொண்டிருந்தேன். இரவு 11 மணி. காலையில் அச்சிட்டாக வேண்டும். 'அம்மா' என்று அடிக்கப்போனால் 'அர' என்று தொடங்குகிறது. "என்னடா இது, கணினி கெட்டுப்போச்சா?" என்று பயந்தே போனேன்.

கணினி கெடவில்லை. நான் பழகியது அஞ்சல் முறை. பள்ளிக் கணினியில் இருந்ததோ 1999-இல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய தமிழ்99. அஞ்சலில் 'எம்' விசை மகரம் தரும். தமிழ்99-இல் அதே விசை ரகரம் தரும். 'கே' விசை அஞ்சலில் ககரம், தமிழ்99-இல் மகரம்.

நாம் விசையை அழுத்தும்போது பெரும்பாலும் அந்தப் பக்கம் போவது எழுத்து அல்ல. எந்த விசை என்ற செய்திதான். அதை எழுத்தாக்குவது தூரத்துக் கணினி. ஆகவே தமிழ் ஒரு பக்கம் மட்டும் இருக்க வேண்டும், அதுவும் அந்தப் பக்கம்.

செய்ய வேண்டியவை:

1. இணையும் முன்பே உங்கள் கணினியை ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பில் நம் மொழி அமைப்பு அங்கேயும் தொற்றிக்கொள்வதுண்டு.

2. இணைந்த பிறகு, தூரத்துக் கணினியில் உங்களுக்குப் பழகிய தமிழ் விசைப்பலகையைத் தேர்ந்தெடுங்கள். மவுஸால் மொழிக் குறியீட்டைச் சொடுக்குவதே பாதுகாப்பு.

3. மொழி மாற்ற விண்டோஸ்-ஸ்பேஸ் அழுத்தினால் சிலசமயம் நம் கணினிதான் மாறும். ரிமோட் டெஸ்க்டாப்பில் 'ஷோ ஆப்ஷன்ஸ்', 'லோக்கல் ரிசோர்சஸ்', 'கீபோர்டு' என்று போய், 'ஆன் தி ரிமோட் கம்ப்யூட்டர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். நாம் மாற்றாதவரை, முழுத்திரையில் மட்டுமே இந்தக் கூட்டுவிசைகள் அந்தப் பக்கம் போகும்.

4. கண்ட்ரோல்-ஆல்ட்-டெலிட் எப்போதும் நம் கணினிக்கே. அந்தப் பக்கத்துக்கு, ரிமோட் டெஸ்க்டாப்பில் கண்ட்ரோல்-ஆல்ட்-எண்ட்.

மவுஸ் விஷயம் வேறு. ரிமோட் டெஸ்க்டாப்பில் அம்புக்குறி ஓடும் வேகத்தை நம் கணினியில் மாற்ற வேண்டும். இரட்டைச் சொடுக்கின் வேகத்தைத் தூரத்துக் கணினியில் மாற்ற வேண்டும். கோப்பு திறக்க மாட்டேங்குதா? இரட்டைச் சொடுக்குக்குப் பதில், ஒருமுறை சொடுக்கி எண்டர் தட்டுங்கள். இணையம் மெதுவாக இருந்தால் அவசரப்பட்டு மறுபடி மறுபடி சொடுக்காதீர்கள். எல்லாம் சேர்ந்து போய் ஒரே கோப்பு நாலுமுறை திறக்கும். கைப்பேசியிலிருந்து குரோம் ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்துவோர் 'டிராக்பேட்' முறைக்கு மாறினால், சின்னப் புள்ளியைக்கூடச் சரியாகத் தொடலாம்.

மாணவர்களே, கட்டுரையைத் திருத்த ஆசிரியரிடம் உங்கள் கணினியை ஒப்படைக்கும்போது, "டீச்சர், என் கணினியில இருக்கிறது அஞ்சல்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆசிரியர்களே, வேலையைத் தொடங்கும் முன் ஒரு வெற்றுப் பக்கத்தில் 'அம்மா' என்று அடித்துப் பாருங்கள். அது சரியாக வந்த பிறகு வினாத்தாளைத் திறங்கள். இதற்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடாததால்தான் அன்றிரவு நான் ஒரு மணி வரை விழித்திருந்தேன்.