எழுத்துருவையும் எடுத்துப் போங்கள்

மதுரையில் டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், உள்ளூர்க் கவிஞர்களின் தொகுப்பு என்று வேலை ஓடும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. அதிலிருந்து இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. பழைய லேப்டாப்பில் இருப்பதைப் புதியதற்கு மாற்றித் தரச் சொல்லி வருகிறார்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வந்தார். தம் வட்டாரக் கோயில்களைப் பற்றிய நூலுக்காகப் பல வருடம் தாமே தட்டச்சு செய்த பக்கங்கள் அவரிடம் இருந்தன. மகன் அவற்றைப் பென் டிரைவில் ஏற்றிப் புதிய லேப்டாப்பில் போட்டிருக்கிறார். திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்.

"வைரஸாம்மா? எல்லாம் போச்சா?"

"ஒண்ணும் போகலை ஐயா. பழைய லேப்டாப் இருக்குல்ல?"

"எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துரலாம்னு பையன் சொல்றான்."

"இப்ப குடுத்துராதீங்க."

அவர் தட்டச்சு செய்தது பாமினியில். அந்த எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால், கோப்புக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். அவற்றைத் தமிழ் வடிவில் வரைந்து காட்டுவது பாமினி. அது இல்லாத கணினியில் குறிகள் மட்டும் தெரியும். யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்கள் உண்டு, 'அ'வுக்கு 2949. அதனால் யூனிகோடில் அடித்ததை எந்தப் புதுக் கணினியிலும் படிக்கலாம். தமிழக அரசு 2010இல் யூனிகோடை ஏற்றது. அதற்கு முன்னால் அடித்தவை, அதற்குப் பிறகும் பழக்கத்தை விடாமல் அடித்தவை எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. அவற்றை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

பழைய லேப்டாப்பில் சி டிரைவ், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்று போய், தமிழ் எழுத்துருக்களை முதலில் காப்பி எடுங்கள். பாமினி இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். காசு கொடுத்து வாங்கிய மென்பொருளோடு வந்த எழுத்துரு அப்படியல்ல. குறியீடு வேறானால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டுப் படிக்க முடியாது. யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இருக்கின்றன, பயன்படுத்துங்கள். ஆனால் நடுவில் வரும் ஆங்கிலச் சொற்களையும் அவை தமிழென்று எண்ணிக் குழப்பிவிடும். வரி வரியாக மெய்ப்புப் பார்க்காமல் மூலக் கோப்பை அழிக்கக் கூடாது. பேஜ்மேக்கர் கோப்பு இருந்தால், அந்த மென்பொருள் ஓடும் பழைய கணினியிலேயே எழுத்துருவை உட்பொதித்து ஒரு பிடிஎஃப் எடுத்துவிடுங்கள். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். அதன் இடத்துக்கு வந்த இன்டிசைனின் புதிய பதிப்புகள் கூட அந்தக் கோப்புகளைத் திறப்பதில்லை.

மற்றதெல்லாம் அவ்வளவு கடினமில்லை. எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி, டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் நான்கையும் காப்பி செய்யுங்கள். 'கட்' வேண்டாம், பாதியில் மின்சாரம் போனால் எது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். டி டிரைவையும் பாருங்கள், குடும்பப் படங்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பென் டிரைவ் ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கல்யாண வீடியோ ஏறாது. அதை எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மாற்றும்போது உள்ளே இருப்பது அழிந்துவிடும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் இந்த நான்கு ஃபோல்டர்களிலும் இருக்காது. தனியாகத்தான் மாற்ற வேண்டும். லேப்டாப் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். லேப்டாப் செத்துப்போய் டிஸ்கை மட்டும் கழற்றிப் படிக்க வேண்டிவந்தால், அந்தச் சாவி இல்லாமல் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது.

காப்பி முடிந்தது என்று திரை சொன்னால் போதாது. ஆசிரியர் ஐயாவை இரண்டு லேப்டாப்புகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஒவ்வோர் அத்தியாயமாகத் திறந்து பார்க்கச் சொன்னேன். பொறுமையாகப் பார்த்தார். கல்வெட்டு வாசகங்களை வேறோர் எழுத்துருவில் அடித்திருந்தது அப்போதுதான் தெரிந்தது, அதையும் எடுத்தோம். ஹார்ட் டிஸ்க் அவர் வீட்டில் இருக்கிறது, இன்னொரு பிரதி மகளிடம்.

பழைய லேப்டாப்பை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் நாளில் செட்டிங்ஸில் ரீசெட் கொடுத்து, எல்லாவற்றையும் நீக்கு, டிரைவையும் துடை என்ற இரண்டையும் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறேன். வெறுமனே டிலீட் செய்த கோப்பை மீட்டெடுக்கும் மென்பொருள் எந்தக் கடையிலும் இருக்கும்.