சீட்டுக்கட்டும் தலைவிதியும்

நம் கல்லூரிப் பழைய மாணவர் நால்வர் ஒருங்கு கூடுமிடத்து, சிற்றுண்டி முடிந்த சிறிது நேரத்திற்கெல்லாம் சீட்டுக்கட்டு ஒன்று எங்கிருந்தோ தோன்றிவிடுவது வழக்கம். முந்நூற்றுநான்கு ஆடத் தெரியாதவர் நம்முள் அரியர். அதே சீட்டுக்கட்டை விரித்து வருங்காலம் உரைப்போரும் உலகில் உளர். ஆடுவோர் கையில் பொழுதுபோக்காய் இருக்கும் தாள்கள், குறிசொல்வோர் கையில் ஊழ்வினையின் ஏடுகளாக மாறுவது எங்ஙனம் என்பதை இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம். பதுளையைச் சூழ்ந்த மலைத்தோட்டங்களில் வாழும் நம் மக்களுக்கு இது வெறும் வேடிக்கைப் பொருளன்று என்பது போகப் போக விளங்கும்.

முதற்கண் சீட்டுக்கட்டின் பிறப்பை நோக்குவோம். சீன தேசத்தில் தோன்றி, பாரசீகம், எகிப்து முதலிய நாடுகளைக் கடந்து, 1370 ஆம் ஆண்டுகளில் ஐரோப்பாவை அடைந்தது இவ்விளையாட்டு என்பர் வரலாற்றாசிரியர். இலங்கைக்கு அது கடல்வழியே வந்தது என்பதற்கு அதன் பெயர்களே சான்று. நம்மவர் இஸ்கோப்பன் என்றும் கலாவரை என்றும் வழங்குவன, ஒல்லாந்தர் மொழியிலுள்ள ஸ்கொப்பன், கிளாவரன் என்னும் சொற்களின் திரிபுகளேயாம். சிங்கள மக்களும் இஸ்கோப்ப, களாபர என அவற்றையே வழங்குகின்றனர். ஒல்லாந்தர் ஆட்சி இந்நாட்டில் 1796 இல் முடிவுற்றது. அவர் விட்டுச்சென்ற சீட்டுப் பெயர்களோ இன்றும் நம் நாவில் நிலவுகின்றன.

முழுக்கட்டில் 52 சீட்டுகள் உள. முந்நூற்றுநான்கு ஆடுவோர் 2 முதல் 6 வரையுள்ளவற்றை நீக்கி, எஞ்சிய 32 சீட்டுகளையே எடுப்பர். ஒவ்வோர் இனத்திலும் புள்ளிகள் 76. நான்கு இனங்களிலும் சேர்ந்து 304. நம் சிங்கள நண்பர்கள் ஆடும் ஓமி விளையாட்டுக்கும் இந்த 32 சீட்டுகளே வேண்டும். இவ்வெண்ணை வாசகர் மனத்திற் கொள்வாராக. பின்னர் பயன்படும்.

சீட்டால் குறி சொல்லுங் கலைக்குப் பெருவழக்கைத் தந்தவர் பிரான்சு நாட்டினர். பாரிசு நகரில் வாழ்ந்த அலியெத் என்பார், தம் பெயரைத் தலைகீழாய் மாற்றி எத்தெய்யா எனப் புனைந்துகொண்டு, 1770 இல் இதுபற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர் கையாண்டதும் நாம் மேற்கூறிய 32 சீட்டுகளே. கேட்போரைக் குறிக்கத் தனிச்சீட்டு ஒன்றை மட்டும் கூடச் சேர்த்துக்கொண்டார். அவருக்குப்பின் லெனோர்மான் என்னும் பெண்மணி (1772–1843) அந்நகரில் சீட்டு விரித்துப் பெரும்புகழ் பெற்றார். ஆகவே, ஐரோப்பியர் ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் சீட்டை ஆடிய பின்னரே, தாள்தோறும் ஒரு பலன் வகுக்கும் இம்முறை பரவியது. இதனைத் தொன்மறை என்று எவரேனும் உரைப்பின் வரலாறு அதற்கு இடந்தராது.

இனி, இம்முறையில் ஒவ்வோர் இனத்துக்கும் கூறப்படும் பொருள் யாது? சிவந்த இருதயக்குறி அன்பையும் குடும்பத்தையும், வைரக்குறி பொருளையும், கலாவரை முயற்சியையும், கரிய இஸ்கோப்பன் துன்பத்தையும் குறிக்கும் என்பது ஆங்கிலேயர் வழக்கு. பிரான்சியரோ பொருள்வரவைக் கலாவரையில் வைத்தனர். கால்வாயின் இக்கரையில் செல்வந்தருஞ் சீட்டு அக்கரையில் அதைத் தராதென்றால், பொருள் சீட்டினிடத்து இல்லை, வகுத்தவரிடத்தே உள்ளது என்பது வெளிப்படை.

நம் நாட்டில் குறி கேட்கும் வழக்கம் சீட்டுக்கு முற்பட்டது. மலைத்தோட்டங்களில் உடுக்கடித்துக் குறி சொல்லும் கோடாங்கியை அறியாதார் இலர். கோயிலிற் பூக்கட்டிப் பார்த்தலும், ஊரூராய்த் திரியும் குறத்தியரிடம் கைகாட்டலும் நம்மிடை நெடுங்காலமாக உள்ளவை. கூண்டுக் கிளி வெளிவந்து, அடுக்கிய படச்சீட்டுகளுள் ஒன்றைக் கவ்வி எடுக்க, அதனைப் பிரித்துப் பலன் உரைக்கும் கிளிச்சோதிடம் மேனாட்டாரின் சீட்டுக்குறிக்கு நெருங்கிய உறவு. அங்கே கை கலைக்கிறது, இங்கே கிளி எடுக்கிறது, வேறுபாடு அவ்வளவே.

திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சி முதலான நூல்களைக் கற்றோர் ஒன்றை நினைவுகூர்வர். குறத்தி தலைவியின் கைபார்த்துக் கூறுவது தலைவியின் நெஞ்சில் முன்னரே குடிகொண்ட காதலைத்தான். புதிதாக அவள் ஒன்றும் தருவதில்லை. உள்ளதையே எடுத்து நீட்டுகிறாள். குறிசொல்லலின் முழு இரகசியமும் இதில் அடங்கிற்று.

இவ்விரகசியத்தைச் சோதித்துக் காட்டியவர் பெர்த்திராம் ஃபோரர் என்னும் அமெரிக்க உளநூலார். 1948 இல் அவர் தம் மாணவர் 39 பேர்க்கு, அவரவர் இயல்பை ஆராய்ந்து எழுதியதெனச் சொல்லி ஒவ்வொரு குறிப்பைக் கொடுத்தார். அது எவ்வளவு பொருந்துகிறது என 5 புள்ளிக்கு மதிப்பிடுமாறு கேட்டார். மாணவர் அளித்த சராசரி 4 புள்ளிக்கும் மேலாயிருந்தது. உண்மையில் எல்லார்க்கும் கொடுக்கப்பட்டது ஒரே குறிப்பு. அதன் வாசகங்களும் கடையில் விற்ற சோதிட நூலொன்றினின்று எடுத்தவை. எவர்க்கும் பொருந்தும் சொல்லைத் தமக்கே உரியதாக ஏற்பது மனித இயற்கை. "உங்கள் மனத்தில் ஒரு கவலை இருக்கிறது, அம்மா, அது தொலைவில் இருக்கும் ஒருவரைப் பற்றியது" என்று லயத்து வாசலில் எவர் சொன்னாலும் அது பொய்க்குமா? மகன் கொழும்பில் கடையிலோ, மகள் வளைகுடா நாட்டில் வீட்டுவேலையிலோ இருக்கும் குடும்பங்கள் பல. சொல்லைக் கேட்டதும் அத்தாயின் முகம் மாறும். அந்த முகமே அடுத்த சீட்டு.

சீட்டின் பங்கு யாதெனக் கணக்கும் காட்டும். 32 சீட்டுகளைக் கலைத்து 7 ஐ விரிப்பதாகக் கொள்வோம். இஸ்கோப்பன் இனத்தில் 8 சீட்டுகள் உள, ஏனையவை 24. விரித்த ஏழில் ஓர் இஸ்கோப்பன்கூட வாராதிருப்பது நூற்றுக்குப் பத்து முறையே. அதாவது, 20 குடும்பங்கள் உள்ள ஒரு லயத்தில் எல்லாரும் குறி கேட்டால், ஏறத்தாழ 18 குடும்பங்களுக்குத் துன்பச்சீட்டு வந்தே தீரும். மரணத்தைக் குறிக்கும் என்று அஞ்சப்படும் இஸ்கோப்பன் ஏஸ் அவற்றுள் நான்கு வீடுகளிற் புகும். அவ்வீடுகளில் யாரும் நோயுற்றிருக்க வேண்டுவதில்லை. கணக்கு மட்டும் போதும். துன்பம் தோன்றியபின் பரிகாரம் பேசப்படும்; பரிகாரத்திற்குப் பணம் வேண்டும். தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1000 ரூபாவாக 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை நினைப்பின், அப்பணம் எத்தனை நாட் கொழுந்து என்பது புலனாகும்.

மாணவர்க்கு எளிய சோதனை ஒன்று கூறுவோம். ஒரே கேள்வியை ஒரே ஆளிடம் இன்றும் நாளையும் கேட்க. 32 இல் 7 சீட்டுகளைத் தெரியும் வகைகள் 3,365,856. முதல்நாள் வந்த ஏழும் மறுநாள் வருவது அத்தனையில் ஒரு முறையே. சீட்டு மாறும், கேட்டவர் வாழ்வோ ஓரிரவில் மாறியிராது. இரு நாளும் ஒரே பலன் உரைக்கப்படின் அது சீட்டைப் பார்த்துச் சொன்னதன்று; வேறு பலன் உரைக்கப்படின் இரண்டனுள் ஒன்றேனும் பிழை.

எனினும், குறி கேட்போரை எள்ளி நகையாடுவது எம் கருத்தன்று. கேள்வி உண்மையானது. பிள்ளையைப் படிக்க வைப்பதா, வேலைக்கு அனுப்புவதா? மகளைக் கடல்கடந்து போகவிடுவதா? நோய் தீருமா? இவற்றிற்கு விடை சொல்ல அருகில் ஆசிரியரோ, மருத்துவரோ, வழக்கறிஞரோ இல்லாதபோது, வாசலுக்கு வந்தவரையே மக்கள் கேட்பர். குறிசொல்வோரின் குற்றம் பணம் பெறுவதோடு முடிவதில்லை. மனிதர் செய்ததையும் செய்யத் தவறியதையும் தலைவிதி என்று பெயர் மாற்றிவிடுவதே பெருங்குற்றம்.

நம் வரலாறு இதற்குச் சான்று. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் பெரும்பாலார் நாடற்றவராயினர். 1964 இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரைப்பற்றி முடிவு காண மேலும் பத்தாண்டுகள் சென்றன. போவதா, இருப்பதா என்ற கேள்வி ஊவாவின் லயங்களிலெல்லாம் எழுந்தது. அதற்கு விடை எந்தச் சீட்டிலும் இருக்கவில்லை. அது கொழும்பிலும் புதுடில்லியிலும் இட்ட கையொப்பங்களில் இருந்தது. கிரகம் எழுதியதாயின் அழுது தீர்க்கலாம். மனிதர் எழுதியதாயின் மாற்றக் கேட்கலாம். கேட்டதனாலேயே, 2003 இல் நிறைவேறிய சட்டம்வரை, குடியுரிமை படிப்படியாக மீண்டது.

முன்னறிதல் என்பது உலகில் இல்லையோ எனின், உண்டு. சுவரில் விரியும் வெடிப்பு, சாயத் தொடங்கும் மரம், திடீரெனக் கலங்கி வரும் ஊற்றுநீர் ஆகியவை மலைச்சரிவின் குறிகள். இவை காரணத்தோடு கூடிய குறிகள். கொஸ்லந்தை மீரியபெத்தையில் நிலம் சரியக்கூடும் எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. 2014 ஒக்டோபர் 29 காலை மலை இறங்கி லயங்களை மூடியது. அங்கே குறி சொல்லப்பட்டிருந்தது. அக்குறிப்படி மக்கள் குடிபெயர்வதற்கு வேற்று நிலமும் வீடும் உரிய காலத்திற் கிடைக்கவில்லை. அதனை விதி என்போர் இறந்தோர்க்கு இரண்டாம் முறை அநீதி இழைப்பவராவர்.

ஆதலின், சீட்டுக்கட்டை நாம் வெறுக்க வேண்டுவதில்லை. அஃது ஆடுதற்குரியது, நினைவையும் கணக்கையும் கூர்மையாக்கும். மலையகத்துப் பெண்கள் மாதந்தோறும் பணம் சேர்த்து முறைவைத்து எடுக்கும் மற்றொரு சீட்டும் உண்டு. அச்சீட்டு சொன்ன நாளிற் சொன்ன தொகையைத் தருகின்றது. பள்ளிக் கட்டணமும் கூரைத் தகரமும் அதிலிருந்து வருவன. இடுவது எவ்வளவு, எடுப்பது எப்போது என்பதை அனைவரும் அறிந்திருப்பதே அதன் வலிமை.

நம் கல்லூரியிற் கற்று ஆசிரியராய், மருத்துவராய், எழுதுநராய், வழக்கறிஞராய் விளங்கும் அன்பர்க்கு ஒரு வேண்டுகோள். பசறையிலோ, அப்புத்தளையிலோ, நமுனுகுலையிலோ ஒரு தாய் தன் பிள்ளையின் எதிர்காலத்தைப்பற்றிக் கேட்க ஆளின்றி நிற்பாளாயின், சென்று அவள் கேள்வியைச் செவிமடுப்பீராக. நாம் போகாத வாசலுக்குச் சீட்டுக்கட்டோடு வேறொருவர் போவார். இப்போது கற்கும் மாணவர், எவரேனும் ஏழு சீட்டுகளை விரித்து அஞ்சச் செய்வாராயின், 32, 8, 24 என்னும் மூன்று எண்களைக் கொண்டு ஒரு தாளிற் கணக்கிட்டு வீட்டாருக்குக் காட்டுவாராக.