ஒட்டாத குதிரை

பழைய கம்பிகளைக் கழற்றிவிட்டுப் புதியவை மாட்டலாம் என்று உட்கார்ந்தேன். ஆறாவது கம்பியும் தளர்ந்ததும் கிடாரில் கம்பிகளைத் தாங்கும் குதிரை வழுக்கிக்கொண்டு வந்து மடியில் விழுந்தது. நண்பரிடம் இரவல் வாங்கிய வாத்தியம். உடைத்துவிட்டோம் என்று பதறிப்போய் அவருக்குப் போன் போட்டால், சிரிக்கிறார். "அது ஒட்டியே இருக்காதுப்பா. நீ வயலினைப் பாத்ததே இல்லியா?"

ஆர்ச்டாப் கிடார் எனக்கு அறிமுகமானது இப்படித்தான்.

நாம் வழக்கமாகப் பார்க்கும் கிடாரின் மேற்பலகை தட்டையானது. நடுவில் வட்டத் துளை இருக்கும். குதிரையைப் பலகையோடு சேர்த்து ஒட்டியிருப்பார்கள். ஆர்ச்டாப்பின் மேற்பலகையோ வயலினைப் போல நடுவில் மேடிட்டிருக்கும். வட்டத் துளைக்குப் பதில் இருபுறமும் எஃப் வடிவத் துளைகள். கம்பிகள் குதிரையின் மேலேறி இறங்கி, உடலின் அடிக்கோடியில் இருக்கும் டெயில்பீஸ் என்ற உலோகச் சட்டத்தில் போய் மாட்டிக்கொள்ளும். குதிரையை நிறுத்தி வைப்பது கம்பிகளின் அழுத்தம் மட்டும்தான்.

ஒலி மாறுவதும் இதனால்தான். சுருதி சேர்த்த கிடாரில் ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கின்றன. தட்டைக் கிடாரில் அந்த இழுப்பு முழுவதும் ஒட்டிய குதிரையின் மேல் விழுந்து, மெல்லிய பலகையை முறுக்கப் பார்க்கிறது. ஆர்ச்டாப்பில் இழுப்பை டெயில்பீஸ் வாங்கிக்கொள்கிறது. பலகைக்கு வருவது கீழ்நோக்கிய அழுத்தம். அதைத் தாங்கத்தான் வளைவு. விறைப்பான இந்தப் பலகையிலிருந்து சுரம் சட்டென்று எழும், சட்டென்று அடங்கும். தட்டைக் கிடாரின் நீண்ட ரீங்காரத்தை இதில் எதிர்பார்த்து வாங்குபவர் ஏமாந்துதான் போவார்.

சட்டென்று அடங்கும் ஒலி யாருக்கு வேண்டும்? ஊதுகருவிகளுக்கு நடுவே உட்கார்ந்து வாசித்தவர்களுக்கு வேண்டியிருந்தது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் ஆர்வில் கிப்சன் என்பவர் வயலின் செய்வதுபோல மேற்பலகையைச் செதுக்கி மாண்டலின் செய்தார். 1898-இல் காப்புரிமையும் பெற்றார். அவர் பெயரில் 1902-இல் தொடங்கிய நிறுவனத்தில் லாயிட் லோர் என்ற இசைக்கலைஞர் பின்னாளில் சேர்ந்தார். அவர் காலத்தில், 1922-இல், வெளிவந்த எல்-5 மாடலில்தான் கிப்சன் கிடாருக்கு எஃப் துளைகள் முதன்முதலாக வந்தன. டிரம்பெட், சாக்ஸபோன், டிரம்ஸ் எல்லாம் முழங்கும் ஜாஸ் குழுவில் இந்தக் கிடாரின் வெட்டென்ற ஒலி தனித்துக் கேட்டது. கவுன்ட் பேஸி இசைக்குழுவில் ஃப்ரெடி கிரீன் 1937-இல் சேர்ந்து 1987-இல் இறக்கும்வரை வாசித்தார். மின்பெருக்கி இல்லாத ஆர்ச்டாப். தாளத்துக்குத் தாளம் ஒரு தட்டு. தனி ஆவர்த்தனம் அநேகமாக இல்லை. அரை நூற்றாண்டு இப்படியே போயிருக்கிறது!

கிப்சன் 1936-இல் இஎஸ்-150 என்ற மின்கிடாரைக் கொண்டுவந்தது. சத்தத்துக்காக மரத்தைச் செதுக்க வேண்டிய அவசியம் அத்தோடு குறைந்துபோனது. ஆனாலும் பெரிய ஆர்ச்டாப்களின் மேல் மோகம் தீரவில்லை. 400 டாலர் விலையையே பெயராக வைத்துக்கொண்ட சூப்பர் 400 மாடல் அதற்கு முன்பே, 1934-இல், வந்திருந்தது. அதைத்தான் நம் பிரிஜ் பூஷண் காப்ரா பிற்காலத்தில் மடியில் கிடத்தி, மாற்றியமைத்து, இந்துஸ்தானி ராகங்களை வாசித்தார்.

இவ்வளவு கேட்டபின் ஆசை வராமல் இருக்காது. விலை கேட்டால்தான் மயக்கம் வரும். தடித்த ஸ்ப்ரூஸ் மரத்தை வெளியே மேடாகவும் உள்ளே குழியாகவும் செதுக்கி, நடுவில் கனமும் ஓரத்தில் மெலிவுமாகக் கொண்டுவர வேண்டும். வாங்கிய மரத்தில் பெரும்பகுதி சீவலாகத் தரையில் கிடக்கும். மலிவான வழி அச்சில் அழுத்துவது: மெல்லிய மரத்தாள்களை ஒட்டி, வளைந்த அச்சில் வைத்துச் சூட்டோடு அழுத்தினால் பிளைவுட்டே வளைந்துவிடும். சிகாகோவின் ஹார்மனி, கே நிறுவனங்கள் இப்படி அழுத்தி வளைத்த பலகைகளால்தான் சாமானியரின் வீட்டுக்கும் ஆர்ச்டாப்பைக் கொண்டுசேர்த்தன.

இன்றும் இரண்டு வழியும் உண்டு. கனடாவின் கோடின் நிறுவனம் காட்டுச் செர்ரி மரத்தாள்களை அழுத்தி ஃபிஃப்த் அவென்யூ மாடலைச் செய்கிறது. லோரின் பெயரையே தாங்கிய 'தி லோர்' கிடார்களில் எல்எச்-600, பழைய எல்-5-இன் சாயலில் சீனாவில் செதுக்கப்படுவது. வயலினில் தொடங்கிய ஈஸ்ட்மன் நிறுவனமும் பெய்ஜிங்கில் ஆர்ச்டாப்களைச் செதுக்குகிறது. செதுக்கியதென்றால் உசத்தி, அழுத்தியதென்றால் மட்டம் என்று நான் சொல்லமாட்டேன். பிக்அப் பொருத்தி மேடையில் வாசிப்பவருக்கு அழுத்திய பலகை வசதி. ஆம்ப்ளிஃபயர் சத்தத்தில் அது அவ்வளவு எளிதில் ஊளையிடாது. வீட்டில் வெறுமனே வாசிப்பவர் மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, செதுக்கியதற்குக் காத்திருக்கலாம்.

கடைக்காரர் எதைச் சொன்னாலும் எஃப் துளையின் ஓரத்தைப் பாருங்கள். மேலே தெரியும் மரரேகை அப்படியே கனத்துக்குள்ளும் இறங்கினால் ஒரே மரம். அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். ஒரே மரம் என்பதாலேயே செதுக்கியது என்று ஆகிவிடாது, அதையும் அழுத்தி வளைப்பதுண்டு. குதிரையின் பாதத்துக்கும் பலகைக்கும் இடையே ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் பாதம் சரியாகப் படியவில்லை, பாதி ஒலி அங்கேயே செத்துப்போகும். நல்லவேளை, இதைச் சரிசெய்யலாம்: பலகைமேல் உப்புத்தாளை விரித்து, அதன்மேல் பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து வளைவுக்குப் பொருத்துவார்கள். பழைய கிடாரில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். குதிரையின் உயரத்தை மாற்றும் திருகுகளை முழுவதும் இறக்கிய பிறகும் கம்பி விரலுக்கு எட்டாத உயரத்தில் நின்றால் கழுத்தின் கோணம் கெட்டிருக்கிறது. அதைச் சரிசெய்யும் கூலி சில சமயம் கிடாரின் விலையைத் தாண்டிவிடும். அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

வாங்கிய பிறகு கம்பிகளை ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். மொத்தமாகக் கழற்றினால் குதிரையின் இடம் தவறிவிடும். பிறகு 12-ஆம் ஃப்ரெட்டில் கம்பியை லேசாகத் தொட்டு ஒருமுறை, அழுத்திப் பிடித்து ஒருமுறை மீட்டி, இரண்டும் ஒரே சுரமாகும்வரை குதிரையை நூலளவு நூலளவாக நகர்த்த வேண்டும். எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை முழுவதும் அதிலேயே போனது. குதிரை நிற்க வேண்டிய இடத்தை நண்பர் பென்சிலால் மெல்லியதாகக் குறித்து வைத்திருந்தாராம். தூசி என்று நினைத்து அதைத்தான் நான் முதலில் துடைத்திருந்தேன்.