27 கிராம் கூடுதல் எடை, ஆனாலும் சமநிலை

இப்போதைய மலேசிய 50 சென் நாணயங்கள் ஐந்தை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய 28 கிராம் இருக்கும். 2009ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் தேதி, ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா என்பவர் பிடித்த மீன், 77 ஆண்டு பழைய உலகச் சாதனையைக் கிட்டத்தட்ட அந்த அளவு எடையால்தான் மிஞ்சியது. பழைய சாதனை 22 பவுண்டு 4 அவுன்ஸ். குரிட்டாவின் மீன் 22 பவுண்டு 4.97 அவுன்ஸ். அரை ஆண்டு நடந்த பரிசீலனைக்குப் பிறகு, 2010 ஜனவரியில் முடிவு வந்தது: சாதனை முறியடிக்கப்படவில்லை, சமன் செய்யப்பட்டிருக்கிறது.

கனமான மீன் கனமான மீன்தானே, இதில் சமநிலை எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றும். அறிவியல் கூடத்தில் நீங்கள் அளந்த அளவையே இன்னொரு முறை அளந்தபோது வேறு எண் வந்த அனுபவம் இருந்தால், விடையின் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

முதலில் மீனைப் பற்றி. இதன் பெயர் பெருவாய் பாஸ். வாயை மூடியிருக்கும்போதே மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னால் நீண்டிருக்கும். வட அமெரிக்காவைச் சேர்ந்த நன்னீர் மீன் இது. 1925இல் ஜப்பானுக்குக் கொண்டுவரப்பட்டது. (நம் ஏரிகளிலும் நீர்த்தேக்கங்களிலும் தூண்டில்காரர்கள் தேடிப் போகும் பீகாக் பாஸ் இதற்கு உறவல்ல. அது திலாப்பியாவின் குடும்பம்.) அமெரிக்காவில் இந்த மீனைப் பிடிப்பது பெரும் விளையாட்டு. அதனால் சாதனை என்று யாராவது வாய் திறந்தால் உடனே சந்தேகமும் கிளம்பும்.

தபால் நிலையத்துத் தராசு

பழைய சாதனைக்குச் சொந்தக்காரர் ஜார்ஜ் பெரி. 1932 ஜூன் 2ஆம் தேதி, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மாண்ட்கோமரி ஏரி என்ற சிறு நீர்நிலையில் அந்த மீனைப் பிடித்தார். பெரும் பொருளாதார மந்தக் காலம். பெரி இளம் விவசாயி. மீனை ஹெலினா என்ற ஊருக்கு எடுத்துப்போனார். அங்குள்ள தபால் நிலையத்துத் தராசில் எடை போட்டார்கள். நீளம் 32.5 அங்குலம், சுற்றளவு 28.5 அங்குலம் என்று குறித்துக்கொண்டார்கள். பிறகு மீன் வீட்டுக்குப் போய்க் குழம்புச் சட்டியில் முடிந்தது. ஒரு வேட்டை, மீன்பிடி இதழ் நடத்திய போட்டிக்கு விவரத்தை அனுப்பினார்; 75 டாலர் மதிப்புள்ள பொருள்கள் பரிசாகக் கிடைத்தன.

சாதனைகளைப் பதிவு செய்யும் அனைத்துலக விளையாட்டு மீன்பிடிச் சங்கம் 1939இல்தான் தோன்றியது. நன்னீர் மீன் சாதனைகளை அது 1978இல்தான் அந்த இதழிடமிருந்து பெற்றுக்கொண்டது. ஆகவே பெரியின் மீனை அந்தச் சங்கத்தார் யாரும் தராசில் பார்த்ததில்லை. அவர் அந்த மீனோடு நிற்பதாக உறுதி செய்யப்பட்ட படமும் இல்லை. மீனும் இல்லை. மிஞ்சியிருப்பவை மூன்று எண்கள்.

இன்று அதே சான்றுகளோடு ஒருவர் போய் நின்றால் அவருடைய விண்ணப்பம் நிராகரிக்கப்படும். அதற்காகப் பெரி பொய் சொன்னார் என்று ஆகிவிடாது. அவர் 1934இலும் அதே போட்டியில் பரிசு பெற்றார். பெரிய மீன் பிடிக்கத் தெரிந்த ஆள்தான். என் கணிப்பில் அவர் நேர்மையாகவே எழுதி அனுப்பினார். ஆனால் என் கணிப்பு சான்றாகாது.

அந்த எண்ணைச் சற்று உற்றுப் பாருங்கள். 4 அவுன்ஸ் என்றால் சரியாகக் கால் பவுண்டு. எடை போட்டவர் எந்த அளவுக்கு நுணுக்கமாகப் படித்தார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அவர் ஒவ்வோர் அவுன்ஸாகப் படித்திருந்தால், உண்மை எடை எழுதிய எண்ணிலிருந்து அரை அவுன்ஸ், அதாவது 14 கிராம், கூடவோ குறையவோ இருக்கலாம். அருகிலிருந்த கால் பவுண்டுக்குத் தள்ளி எழுதியிருந்தால் அந்தப் பிழை 2 அவுன்ஸ், கிட்டத்தட்ட 57 கிராம். குரிட்டாவின் மீன் கூடுதலாக இருந்ததோ 27 கிராம். பிழையே வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருக்க முடியும் என்றால், எது கனமான மீன் என்று எப்படிச் சொல்வது?

இதற்காகத்தான் சங்கத்திடம் ஒரு விதி இருந்தது. 25 பவுண்டுக்குக் குறைந்த மீன்களில், புதிய மீன் பழையதைவிடக் குறைந்தது 2 அவுன்ஸ் கூடுதலாக இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் இருவருக்கும் சாதனை. முதலில் படிக்கும்போது கஞ்சத்தனமான விதியாகத் தெரியும். உண்மையில் அது தராசைப் பற்றிய நேர்மையான ஒப்புதல்.

தராசின் எண்ணில் பூமிக்கும் பங்கு உண்டு. சுருள்வில் தராசும் மின்னணுத் தராசும் நேரடியாக அளப்பது நிறையை அல்ல, பூமி அந்தப் பொருளை இழுக்கும் விசையை. அந்த இழுப்பு துருவங்களில் சற்றுக் கூடுதல், நிலநடுக்கோட்டில் சற்றுக் குறைவு. வித்தியாசம் ஏறத்தாழ 0.5 விழுக்காடு. துருவத்துக்கு அருகில் சரிபார்த்த தராசை அப்படியே சிங்கப்பூருக்குக் கொண்டுவந்து 10 கிலோ மீனைத் தொங்கவிட்டால், சுமார் 50 கிராம் குறைத்துக் காட்டும். ஜார்ஜியாவும் பிவா ஏரியும் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய ஒரே தொலைவில் இருப்பதால் இந்தச் சிக்கல் 3 கிராமுக்குள் அடங்கிவிடுகிறது. ஆனாலும் சாதனை கோருபவரின் தராசு சரிபார்க்கப்பட்டுச் சான்றிதழ் பெற்றதாக இருக்க வேண்டும் என்று கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். சந்தையில் மீன் விற்பவரின் தராசில் ஒட்டியிருக்கும் அரசு முத்திரையின் வேலையும் இதுதான். அடுத்த முறை கவனியுங்கள்.

நாடாவால் எடை போட முடியுமா?

பெரியின் மீன் மீது சந்தேகம் கொண்டவர்கள் ஒரு கணக்கைக் காட்டுவார்கள். நீளமும் சுற்றளவும் தெரிந்தால் கன அளவைக் கணிக்கலாம். நன்னீர் மீனின் அடர்த்தி கிட்டத்தட்ட தண்ணீரின் அடர்த்தியே என்பதால் கன அளவிலிருந்து எடையும் வந்துவிடும். கேட்க அழகாக இருக்கிறது. நாமும் போட்டுப் பார்ப்போம்.

குரிட்டாவின் மீன்: வால் பிளவு வரை நீளம் சுமார் 69 செ.மீ., சுற்றளவு 68 செ.மீ. சுற்றளவு 68 என்றால் அந்த வட்டத்தின் பரப்பு சுமார் 368 சதுர செ.மீ. இந்த வட்டம் தலை முதல் வால் வரை மாறாமல் இருந்தால், அதாவது மீன் ஓர் உருளையாக இருந்தால், கன அளவு 25,400 கன செ.மீ., எடை 25.4 கிலோ. மீன் உருளை அல்ல; இரண்டு முனையும் கூம்பிப் போகிறது. அடியோடு அடி ஒட்டிய இரண்டு கூம்புகள் என்று வைத்துக்கொள்வோம். கூம்பின் கன அளவு உருளையில் மூன்றில் ஒரு பங்கு என்று படித்திருப்பீர்கள். விடை சுமார் 8.5 கிலோ. தராசு காட்டியது 10.12 கிலோ. நம் கணக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறைவு.

இப்போது பெரியின் மீன்: நீளம் 82.5 செ.மீ., சுற்றளவு 72.4 செ.மீ. அதே இரட்டைக் கூம்புக் கணக்கில் வருவது 11.5 கிலோ. தராசு காட்டியதோ 10.09 கிலோ. இங்கே கணக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ அதிகம்!

ஒரே சூத்திரம் ஒரு மீனுக்குக் குறைத்தும் மற்றொன்றுக்குக் கூட்டியும் சொல்கிறது. காரணங்களை நீங்களே ஊகிக்கலாம். மீனின் குறுக்கு வெட்டு வட்டமல்ல, முட்டை வடிவம். ஒரே சுற்றளவுள்ள வடிவங்களில் வட்டத்துக்குத்தான் பரப்பு மிக அதிகம். ஒரு மீன் வயிற்றில் மட்டும் பருத்திருக்கும், இன்னொன்று தலை முதல் வால் வரை பருத்திருக்கும். நாடாவை இறுக்கிப் பிடிப்பதும் தளர்த்திப் பிடிப்பதும் வேறு. சுற்றளவு கணக்கில் இருமுறை பெருக்கப்படுவதால், 72 செ.மீ.யில் 1 செ.மீ. தவறினாலே எடையில் சுமார் 3 விழுக்காடு, கிட்டத்தட்ட 300 கிராம், போய்விடும். 27 கிராம் வழக்குக்கு 300 கிராம் தவறும் நாடாவை நீதிபதியாக உட்கார வைக்க முடியாது.

ஆனால் காவல்காரராக வைக்கலாம். 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் ஈரி ஏரியில் நடந்த வால்ஐ மீன்பிடிப் போட்டி ஒன்றில், வென்ற மீன்கள் தோற்றத்துக்குப் பொருந்தாத எடை காட்டின. போட்டி நடத்துநருக்குச் சந்தேகம். கூட்டத்தின் முன்னிலையில் கத்தியால் வயிற்றைக் கீறினார். உள்ளே ஈயக் குண்டுகள்! ஈயத்தின் அடர்த்தி தண்ணீரைப் போல 11 மடங்குக்கு மேல். 1 கிலோ ஈயம் அடைத்துக்கொள்ளும் இடம் ஒன்றரைக் கோழிமுட்டை அளவுதான். வயிறு பெரிதாக வீங்காது, தராசு மட்டும் ஏறும். போட்டியில் ஏமாற்றியவர்கள் பின்னர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

படம் பொய் சொல்லும், விரல் சொல்லாது

"படம் இருக்கிறதே, அது போதாதா?" என்பார்கள். கேமராவிலிருந்து ஒருவர் 150 செ.மீ. தள்ளி நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மீனைப் பிடித்த கையை 60 செ.மீ. முன்னால் நீட்டுகிறார். மீன் இப்போது கேமராவிலிருந்து 90 செ.மீ. தொலைவில். 150ஐ 90ஆல் வகுத்தால் 1.67. அவர் உடலோடு ஒப்பிட்டால், 40 செ.மீ. மீன் 67 செ.மீ. மீனாகத் தெரியும். நீளம், உயரம், தடிமன் மூன்றுமே அப்படிப் பெருகியதாக மனம் கொள்வதால், கன அளவு 4.6 மடங்காகத் தோன்றும். ஒரு பொய்யும் சொல்லாமல், கையை மட்டும் நீட்டி, சாதாரண மீனைச் சாதனை மீனாக்கிவிடலாம்.

இதற்கு எளிய மாற்று உண்டு. உடலோடு ஒப்பிடாதீர்கள், விரலோடு ஒப்பிடுங்கள். மீனைப் பிடித்த விரல்கள் மீன் இருக்கும் தொலைவிலேயே இருக்கின்றன. அவையும் அதே அளவு பெருகியிருக்கும். நண்பர் அனுப்பும் படத்தில் விரல்கள் வாழைப்பழம் போலத் தெரிந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

குரிட்டாவின் படங்களை யாரும் சந்தேகித்த அளவுக்கு, அவர் பிடித்த இடத்தைச் சந்தேகித்தார்கள். படகை நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தினாரா என்ற கேள்வி எழுந்தது. சங்கம் அவரைப் பொய் கண்டறியும் சோதனைக்கு உட்படுத்தியது; அவர் தேறினார். இந்த ஏற்பாடு எனக்கு அவ்வளவு நிறைவாக இல்லை. அந்தக் கருவி அளப்பது இதயத் துடிப்பு, மூச்சு, தோலின் வியர்வை ஆகியவற்றைத்தான். பதற்றமான நேர்மையாளரும் பதறாத பொய்யரும் அதைக் குழப்பலாம். குரிட்டாவுக்கு உண்மையில் உதவியது மீனேதான். பிவா ஏரி இருக்கும் ஷிகா மாநிலத்தில், பிடித்த பாஸ் மீனை மீண்டும் ஏரியில் விடக்கூடாது; உள்ளூர் மீன்களை அது தின்று அழிக்கிறது. அதனால் மீன் கையில் இருந்தது. அளக்க முடிந்தது.

கலிஃபோர்னியாவில் நிலைமை வேறு. 2006 மார்ச் 20ஆம் தேதி, அங்குள்ள டிக்சன் ஏரியில் மேக் வீக்லி என்பவரின் தூண்டிலில் ஒரு பெண் மீன் சிக்கியது. கையில் பிடிக்கும் டிஜிட்டல் தராசு காட்டியது 25 பவுண்டு 1 அவுன்ஸ், அதாவது 11.37 கிலோ. பெரியின் மீனைவிட 1.28 கிலோ கூடுதல். தராசில் 5 விழுக்காடு பிழை என்று தாராளமாகக் கழித்தாலும், அதுதான் பெரிய மீன். ஆனால் தூண்டில் முள் வாயில் மாட்டவில்லை, உடலில் மாட்டியிருந்தது. அப்படிச் சிக்கிய மீனை விட்டுவிட வேண்டும் என்பது அந்த மாநிலச் சட்டம். படம் எடுத்தார்கள், எடை பார்த்தார்கள், விட்டுவிட்டார்கள். நீளமும் சுற்றளவும் எடுக்கவில்லை. வாதம் வெடித்தது. சில நாள்களில் வீக்லி, சாதனை கோரப் போவதில்லை என்று அறிவித்தார்.

அந்த மீனுக்கு ஓர் அடையாளம் இருந்தது: தலையின் அடிப்பகுதியில் ஒரு கரும்புள்ளி. அதே புள்ளியோடு 2003இலும் அந்த மீன் ஒருமுறை பிடிபட்டிருந்தது. அப்போது 21 பவுண்டு 11 அவுன்ஸ். 2008 மே மாதம் டிக்சன் ஏரியில் ஒரு பெரிய பாஸ் செத்து மிதந்தது. கரையேற்றிப் பார்த்தார்கள். அதே கரும்புள்ளி. இம்முறை அது துள்ளவில்லை, நிதானமாக எடை போட முடிந்தது. 19 பவுண்டு. முட்டைகளைச் சுமக்கும் மார்ச் மாதத்து மீனும், மே மாதத்தில் செத்து மிதந்த மீனும் ஒரே எடையில் இருக்காது. அதனால் 2006இன் எண் சரியா தவறா என்பதை அந்தத் தராசாலும் சொல்ல முடியவில்லை.