நுழைவுத் தகுதி விதிகளும் முதியோர் உயர்கல்வியும்

நூற்பாலைகள் நிறைந்த ராஜபாளையம், பேண்டேஜ் துணி நெய்யும் சத்திரப்பட்டி, அவற்றை அடுத்த ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய ஊர்களில், பள்ளிக்கல்வியை இடையில் நிறுத்தி வேலைக்குச் சென்றோர் பின்னாளில் பட்டம் பெற விழையும்போது முதலில் எதிர்கொள்வது நுழைவுத் தகுதி விதிகளையே.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 1985ஆம் ஆண்டு விதிமுறைகள், தொலைநிலைக் கல்வியில் முதல் பட்டப்படிப்பில் சேர 12 ஆண்டுப் பள்ளிக்கல்வியை வலியுறுத்தின. எனினும் முன்கல்விச் சான்று இல்லாதோர் 21 வயது நிறைந்திருப்பின், பல்கலைக்கழகம் நடத்தும் நுழைவுத்தேர்வில் தேறிச் சேரலாம் என விலக்களித்தன.

2009 பிப்ரவரியில் அண்ணாமலைப் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம், முதல் பட்டம் பெறாதவர் நேரடியாகப் பெற்ற முதுகலைப் பட்டம் இவ்விதிமுறைகளின்படி செல்லாது எனத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் வெளிவந்த தமிழக அரசின் அரசாணை எண் 107, பத்தாம் வகுப்பும் மேல்நிலைக் கல்வியும் முடித்தபின் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் பெற்ற பட்டங்களையே அரசுப்பணிக்கு ஏற்றது.

இவ்விரண்டின் வேறுபாடு கருதத்தக்கது. தீர்ப்பு முதுகலைக்கு முன் இளங்கலையை வேண்டியது. அரசாணையோ இளங்கலைக்கு முன் பள்ளிக்கல்வியை வேண்டியது. ஆகவே 1985ஆம் ஆண்டு விலக்கின்வழிச் சேர்ந்து முறையாகத் தேறியவரும் அரசுப்பணி வாய்ப்பை இழந்தனர். சேர்க்கைக்குப் போதுமானதாயிருந்த தகுதி, பயனுக்குப் போதாதாயிற்று.

பள்ளித் தேர்வுகளைத் தனித்தேர்வராக எழுதி முடித்துப் பின் பட்டப்படிப்பில் சேரும் வழி உண்டு. ஆயின் குடும்பப் பொறுப்புடைய தொழிலாளர்க்கு அது கூடுதல் ஆண்டுகளைக் கோரும் வழியாகும். இவ்வேறுபாட்டைச் சேர்க்கையின்போதே விளக்குதல் கல்வி நிறுவனங்களின் கடமை. பணிக்கு விண்ணப்பிக்கும் நாளில் அதனை அறிவதால் இழந்த ஆண்டுகள் மீளா.