'டார்க்' பார்த்தா தலை சுத்துதா? அதுக்குக் காரணம் இருக்கு!

"இவன் அவனோட அப்பாவா, மகனா?" 'டார்க்' பார்க்க உட்கார்ந்த எல்லாருமே ஒரு கட்டத்துல பாஸ் பட்டனை அழுத்திட்டு இப்படிக் கேட்டிருப்போம். 2017 டிசம்பரில் வெளியான இது, நெட்ஃப்ளிக்ஸின் முதல் ஜெர்மன் மொழி ஒரிஜினல் சீரிஸ். மூன்று சீசன், மொத்தம் 26 எபிசோடுகள். பார்க்கும்போது நமக்குள் முக்கியமா மூன்று உணர்வுகள் வரும். ஏன்னு பார்க்கலாமா? (ஸ்பாய்லர் உண்டு. இன்னும் பார்க்காதவங்க உஷார்!)

முதலில் குழப்பம்

விண்டன் என்கிற கற்பனை ஊர். அங்கே ஒரு குகை. அதன் வழியாக 33 வருஷம் முன்னும் பின்னும் போகலாம். அதனால் கதை 1953, 1986, 2019 என்று தாவிக்கிட்டே இருக்கும். ஒரே ஆளுக்கு இரண்டு, மூன்று நடிகர்கள். முகத்தையும் பெயரையும் பொருத்திப் பார்க்கிற வேலை நம் மூளைக்கு ஓயவே ஓயாது.

அதைவிடப் பெரிய சிக்கல் உறவுமுறை. 2019-ல் காணாமல்போகும் சிறுவன் மிக்கேல், 1986-ல் மாட்டிக்கொள்கிறான். அங்கேயே வளர்ந்து, கல்யாணம் செய்து, ஒரு பையனுக்கு அப்பாவாகிறான். அந்தப் பையன்தான் ஹீரோ யோனாஸ். யோனாஸ் காதலிக்கும் மார்த்தா, மிக்கேலின் அக்கா. நம்ம கணக்குப்படி, காதலியே அத்தை! அப்பா, அத்தை, பாட்டி போன்ற சொற்கள் எல்லாமே காலம் ஒரே திசையில் ஓடும் என்று நம்பி உருவானவை. அந்த வரிசை உடைஞ்சா சொற்களும் உதவாது. தலை சுத்துறது அதனாலதான்.

அடுத்து பயம்

இதில் பேய் கிடையாது. ஆனாலும் முதுகு சில்லிடுது. பழைய கோதிக் கதைகளில் இருண்ட கோட்டை, அதுக்கு அடியில் நிலவறை, அங்கே புதைத்துவைத்த குடும்ப ரகசியம் என்று வரும். செத்துப்போனவர்கள் பேயாகத் திரும்பி வந்து கணக்குத் தீர்ப்பார்கள். 'டார்க்'கில் கோட்டையின் இடத்தில் அணுமின் நிலையம். மறைத்துவைத்த ரகசியமாக, மஞ்சள் பீப்பாய்களில் அணுக்கழிவு. செர்னோபில் விபத்து நடந்த 1986-ஐக் கதையின் மையத்தில் வைத்ததும் சும்மா இல்லை. அந்த அச்சம் ஜெர்மனியையும் நிஜமாகவே உலுக்கியது. இங்கே பேயின் வேலையைச் செய்வது கடந்தகாலம். போனதாக நினைத்தது, உடம்போடு வந்து கதவைத் தட்டுகிறது.

கடைசியில் வலி

மிக்கேலின் அப்பா உல்ரிக், மகனைத் தேடிக் குகைக்குள் இறங்குகிறார். போய்ச் சேர்வதோ 1953-ல். 'இவன்தான் வளர்ந்து குழந்தைகளைக் கடத்தப்போறவன்' என்று நம்பி, ஒரு சிறுவனைக் கல்லால் தாக்குகிறார். சிறுவன் சாகவில்லை. உல்ரிக்தான் பல வருஷம் அடைபட்டுக் கிடக்கிறார். கிழவரான பிறகு மகனைப் பார்க்கிறார். மகன் இன்னும் சின்னப் பையன். சேர்ந்து ஓடப் பார்க்கிறார்கள், போலீஸ் பிரித்துவிடுகிறது. டைம் டிராவல் லாஜிக் ஒண்ணுமே புரியாதவங்களுக்கும் இந்த இடத்தில் தொண்டை அடைக்கும். ஏன்னா, இது தாமதமாக வந்து சேர்ந்த ஒரு அப்பாவின் கதை.

யோனாஸுக்கும் இதே கதிதான். மிக்கேலை 2019-க்கே கூட்டிட்டு வந்துட்டா எல்லாம் சரியாகும். ஆனா, யோனாஸ் பிறக்கவே மாட்டான். பாசத்தில் செய்கிற ஒவ்வொரு முயற்சியும் முடிச்சை இன்னும் இறுக்குது.

இன்னொண்ணு கவனிச்சீங்களா? விண்டனில் குகை இல்லாவிட்டாலும் பாதிப் பிரச்னை இருந்திருக்கும். கள்ளக்காதல், பொய்ப் புகார், சொல்லாமல் மறைத்த அடையாளம் எல்லாம் மனுஷங்க செஞ்சது. எந்தப் பெரியவரும் பிள்ளைகளிடம் முழு உண்மையைச் சொல்வதில்லை.

அதனால, அடுத்த முறை குழம்பினா குடும்ப மரத்தை கூகுள் பண்றதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யுங்க. அந்த சீனில் யார், யாரிடம், எதை மறைக்கிறாங்கன்னு மட்டும் பாருங்க. வருஷம் மறந்துபோனாலும் கதை பிடிபடும்.