பின்பக்கப் படத்தைக் கேட்டு வாங்குங்கள்

பழைய திங்க்பேட் லேப்டாப்பைத் தேடிப்பிடித்து வாங்குபவர்களில் பலர் அதன் ஏழு வரிசை கீபோர்டுக்காகவே வாங்குகிறார்கள். 2012இல் வந்த டி430, எக்ஸ்230 மாடல்களில் லெனோவோ அதைக் கைவிட்டு ஆறு வரிசைக்கு மாறியது. பழைய கீபோர்டுக்குக் கிராக்கி கூடியதும் ஏமாற்றும் கூடவே வந்துவிட்டது.

டி60, டி61 போன்ற மாடல்களுக்கு என்எம்பி, சிக்கோனி, ஆல்ப்ஸ் என்று பல நிறுவனங்கள் கீபோர்டு செய்து கொடுத்தன. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். தட்டிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். என்எம்பிக்கு ஆசைப்படுபவர்கள் அதிகம். அதனால் கையில் எது இருந்தாலும் ‘என்எம்பி’ என்று சொல்லி விலை ஏற்றுகிறார்கள்.

விடை கீபோர்டின் முதுகில் இருக்கிறது. சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, அடிப்பக்கத்தில் கீபோர்டு குறி போட்ட ஸ்க்ரூக்களை எடுத்து, கீபோர்டை மெல்லத் தூக்குங்கள். வெடுக்கென இழுத்தால் கீழே உள்ள கேபிள் போய்விடும். பின்தகட்டு ஸ்டிக்கரில் எஃப்ஆர்யு என்ற உதிரிபாக எண் இருக்கும். அதை அந்த மாடலுக்கான லெனோவோ பராமரிப்புக் கையேட்டுடன் ஒப்பிடுங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தகட்டையும் பாருங்கள்: டி400 காலத்தில் எடை குறைக்கத் துளையிட்ட தகடுகள் வந்தன, அவை அழுத்தினால் வளைகின்றன என்ற குறை அப்போதே எழுந்தது. ஸ்டிக்கர் கிழிக்கப்பட்டிருந்தால் அந்தக் கீபோர்டு வேண்டாம்.

டி430இல் பழைய கீபோர்டைப் பொருத்தலாம் என்பவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விடுகிறார்கள்: இணைப்பானின் சில பின்களைக் காப்பு நாடாவால் மறைக்காவிட்டால் மதர்போர்டே பழுதாகலாம்.

இந்தியாவில் ஆன்லைனில் வாங்கியவருக்கு 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் துணை நிற்கின்றன. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்க முடியாது. பழைய பொருளில் தேய்மானம் இருக்கத்தான் செய்யும், அதற்காகப் புகார் சொல்வது நியாயமில்லை. சிக்கோனியை என்எம்பி என்று விற்றது வேறு விஷயம். முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள்; ஒரு மாதத்துக்குள் அவர் தீர்வு தர வேண்டும். நடக்காவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அடுத்தது, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையம்: இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை. மறுவிற்பனைக்காக வாங்கியவரைச் சட்டம் நுகர்வோராக ஏற்பதில்லை.

பணம் கட்டும் முன்பே ஸ்டிக்கர் தெரியும் பின்பக்கப் படத்தைக் கேளுங்கள். விளம்பரத்தையும் உரையாடலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தகராறு வந்த பிறகு தேடினால் அந்த விளம்பரம் அங்கே இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.